காற்று மேலேதான் நிற்கும்

பம்மல்
4 நவம்பர் 2025

ஜோதி,

ஸ்தோத்திரம், நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுத மனசு வரவில்லை. என் நம்பரை பிளாக் பண்ணினாய். வாட்ஸாப்பையும் பிளாக் பண்ணினாய். உன் அக்காவிடம், "ஏதாவது சொல்லணும்னா மெயில்ல எழுதச் சொல்லு" என்று சொல்லி அனுப்பினாய். பதினோரு வருஷம் உன்னோடு குடும்பம் நடத்தியவனுக்கு மெயில். லீவு லெட்டர் எழுதுகிற மாதிரி எழுதுகிறேன், வாங்கிக்கொள்.

அன்றைக்கு போனில் நான் கத்தியது உண்மைதான். பெற்ற பெண்ணிடம் சாப்பிட்டாயா என்று கேட்டால் பதில் இங்கிலீஷில் வருகிறது. வெள்ளைக்காரன் மாதிரி மூக்கில் பேசுகிறாள். எனக்கு ஒரு வார்த்தை புரியவில்லை. கத்தாமல் கைதட்டுவேனா? நீ அவளை இங்கிருந்து கூட்டிக்கொண்டு போய்ப் பதினான்கு மாதம்தான் ஆகிறது. அதற்குள் அப்பனுக்குப் புரியாத பாஷையில் பேசுகிற அளவுக்கு வளர்த்துவிட்டாய்.

நான் வரமாட்டேன் என்று ஒருநாளும் சொல்லவில்லை. விசா குத்தியாகிவிட்டது, டிசம்பர் இருபதுக்குள் இங்கிலாந்தில் கால் வைக்க வேண்டும், தெரியும். பொழிச்சலூர் அப்பார்ட்மென்ட் பிளம்பிங் வேலை முடியாமல் எப்படி வருவது? பதினாறு வீடு. இன்னும் ஒரு வீட்டில்கூடக் குழாயைத் திறந்தால் தண்ணீர் வராது. பாதியில் விட்டுவிட்டு ஓடினால் நாளைக்கு எவன் என்னைக் கூப்பிடுவான்? நர்ஸ் வேலைக்கு எல்லா ஊரிலும் ஆள் கேட்பான். என் வேலை அப்படி இல்லை.

மழை பெய்துகொண்டே இருக்கிறது. கடை வாசலில் முழங்கால் தண்ணீர்.

ஷெர்வின்

*

ஷெஃபீல்ட்
9 நவம்பர் 2025

உங்கள் மெயில் வந்தது. நலமா என்று நீங்கள் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்றைக்கு போனை எடுத்த ஜென்சிக்கு ஒன்பது வயது. பள்ளிக்கூடத்திலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள், பேசிக்கொண்டு வந்த வாய் உடனே மாறவில்லை. அதற்கு நீங்கள் "தமிழ்ல பேசுடி, எவன் ஊட்டுப் பொண்ணுடி நீ" என்றீர்கள். அவள் அழுதாள். அழுதுகொண்டே தமிழில்தான் பதில் சொன்னாள், அதற்குள் நீங்கள் போனை வைத்துவிட்டீர்கள். மெயிலில் கத்தினால் அவளுக்குக் கேட்காது. அதனால் மெயில்.

இதை எழுத எனக்கு இஷ்டமே இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். இந்த வீட்டில் ஒரு பாய்லர் இருக்கிறது. அது தண்ணீரைச் சூடாக்கிப் பைப் வழியாக எல்லா அறைக்கும் அனுப்பும். அறைச் சுவரில் இரும்பில் அகலமாக ஒன்று மாட்டியிருப்பார்கள், ரேடியேட்டர். அதற்குள் சூடு ஏறி அறை வெதுவெதுப்பாகும். வெளியே போகிற தண்ணீர் இல்லை, அதே தண்ணீர்தான் சுற்றிச் சுற்றி வரும். மாடியில் ஜென்சி அறையில் இருப்பது ஒரு வாரமாகக் கீழே சுடுகிறது, மேலே ஐஸ் மாதிரி இருக்கிறது. உள்ளே களகளவென்று சத்தம். அவள் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு தூங்குகிறாள். வீட்டுக்காரர் ஊரில் இல்லை. ஏஜென்ட்டிடம் கேட்டால் இன்ஜினியர் வர ஒன்பது நாள் ஆகும் என்கிறார்.

நான் பொறுத்துக்கொள்ளலாம் என்றிருந்தேன். ஜென்சிதான், "அப்பாகிட்ட கேளும்மா, அப்பாவுக்கு எல்லா பைப்பும் தெரியும்" என்றாள். கேட்டுவிட்டேன்.

டிசம்பர் இருபது உங்களுக்கு ஞாபகம் இருப்பது சந்தோஷம். நீங்கள் அப்ளிகேஷன் போடவே பதிமூன்று மாதம் நான் மன்றாட வேண்டியிருந்தது. இன்னொரு தடவை மன்றாட மாட்டேன். அந்தத் தேதி தாண்டினால் நீங்கள் வர வேண்டாம். ஜென்சியிடம் அப்பா வரமாட்டார் என்று ஒரே தடவையாகச் சொல்லிவிடுவேன்.

ஞானஜோதி

*

பம்மல்
10 நவம்பர் 2025

ஜோதி,

இதற்குப் போய் இன்ஜினியரா? ஒன்பது நாள் காத்திருக்கப் போகிறாயா? பைப்பில் ஏர் புடிச்சிருக்கு, அவ்வளவுதான். தினம் பத்து வீட்டில் பார்க்கிற சங்கதி.

நேற்று நாகல்கேணியில் ஒரு அக்கா, "இன்னாண்ணா, மோட்டாரு ஓடிகினே கீது, குழாயத் தொறந்தா காத்துதான் வருது" என்று போன் பண்ணியது. மேலே ஏறி டேங்க்கைக்கூட நான் பார்க்கவில்லை. கீழே இருக்கிற குழாயின் தலையைக் கழற்றிவிட்டேன். ரெண்டு நிமிஷம் புஸ்ஸென்று சீறியது, அப்புறம் தண்ணீர் அடித்துக்கொண்டு வந்தது. "அண்ணா, உன் கை ராசிண்ணா" என்றது. கை ராசியும் இல்லை ஒன்றும் இல்லை. மேலே தண்ணீரின் எடை இருக்கிறது, கீழே வழி விட்டால் காற்றைத் தள்ளிக்கொண்டு வெளியே வரும்.

நீயும் அதையே செய். கீழ்த்தளத்தில் எல்லாவற்றிலும் தாழ்வாக இருக்கிற பைப்பைப் பார். சின்னதாக ஒரு வால்வு வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், சதுரத் தலை நட். ஸ்பேனர் போட்டு அதை முழுசாகக் கழற்று. பாதி திருகிவிட்டுப் பயந்து நிறுத்தாதே, உனக்கு அந்தப் பழக்கம் உண்டு. பாய்லரை ஓடவிட்டுக்கொண்டே செய், தள்ளுகிற வேகம் வேண்டும். கீழே ஒரு பக்கெட் வை. காற்று போய்த் தண்ணீர் வந்தவுடன் மூடு. பத்து நிமிஷ வேலை.

தண்ணீர் எந்த ஊரிலும் தண்ணீர்தான். லண்டன் தண்ணீருக்குக் கொம்பா முளைத்திருக்கிறது? ஜென்சி சரியாகத்தான் சொல்லியிருக்கிறாள்.

பொழிச்சலூர் வேலை இழுத்துக்கொண்டே போகிறது. பார்க்கலாம்.

ஷெர்வின்

*

ஷெஃபீல்ட்
12 நவம்பர் 2025

பத்து நிமிஷ வேலையை நேற்று சாயங்காலம் செய்தேன். நீங்கள் சொன்னபடியே செய்தேன், ஒரு எழுத்து மாறாமல்.

கீழ் ஹாலில் சோபாவுக்குப் பின்னால் அந்த நட் இருந்தது. முழுசாகக் கழற்றினேன். காற்று வரவில்லை. கொதிக்கிற தண்ணீர் வந்தது, கறுப்பாக, சாக்கடைத் தண்ணீரைப் போல. நட் கையிலிருந்து தெறித்து எங்கேயோ போய்விட்டது. பக்கெட் ஒரு நிமிஷத்தில் நிறைந்தது. மாடியில் இருந்த தண்ணீர், கீழே இருந்த தண்ணீர், இந்த வீட்டின் எல்லாச் சுவரிலும் இருந்த தண்ணீர் அந்த ஒரு ஓட்டை வழியாகத்தான் வந்தது. நான் விரலால் அடைக்கப் பார்த்தேன். வலது மணிக்கட்டு வெந்துவிட்டது. ஜென்சி தன் டவல், என் டவல், பள்ளிக்கூட யூனிஃபார்ம் எல்லாவற்றையும் கொண்டுவந்து போட்டாள். அழக்கூட அவளுக்கு நேரமில்லை. "அம்மா நிறுத்தும்மா, நிறுத்தும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். எதை நிறுத்துவது என்று எனக்குத் தெரியவில்லை. தானாக நின்றபோது உள்ளே ஒரு சொட்டு மிச்சமில்லை.

பாய்லரில் பிரஷர் காட்டுகிற கேஜில் முள் பூஜ்யத்தில் இருக்கிறது. பாய்லர் அணைந்துவிட்டது. முன்னே ஒரு அறைதான் குளிர், இப்போது வீடு முழுவதும் குளிர். வெளியே மூன்று டிகிரி. ஹாலில் விரித்திருந்த வெள்ளைக் கார்ப்பெட் தார் ரோடு மாதிரி இருக்கிறது. இன்றைக்கு ட்யூட்டியில் என் கைக்கு என் ஜூனியர்தான் கட்டுப்போட்டாள். எப்படி ஆச்சு என்று கேட்டாள். ஊரில் பெரிய பிளம்பர் ஒருவர் யோசனை சொன்னார் என்றேன்.

ஊருக்கெல்லாம் சொல்லுமாம் பல்லி. மீதியை நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

ஞானஜோதி

*

பம்மல்
13 நவம்பர் 2025, காலை

ஜோதி,

கொதிக்கிற தண்ணீருக்குள் கையை விடு என்று நான் எழுதினேனா? எடுத்துக் காட்டு. நர்ஸாகப் பதினாறு வருஷம் வேலை பார்க்கிறாய், சூடு என்றால் கையை எடுக்க வேண்டும் என்று தெரியாதா? ஸ்பேனரைப் பிடிக்கத் தெரியாமல் நட்டைத் தெறிக்கவிட்டாய், பழி என் தலையில். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். இருபது வருஷமாக இந்த வேலையைச் செய்கிறேன், ஒரு வீட்டில் இப்படி ஆனதில்லை.

கைக்கு என்ன மருந்து போட்டாய்? ஜென்சி மேல் பட்டதா? அதை மட்டும் உடனே எழுது.

ஷெர்வின்

*

பம்மல்
13 நவம்பர் 2025, மாலை

ஜோதி,

நீ எழுதவில்லை. நானே மறுபடி எழுதுகிறேன்.

வேலைக்குப் போனேன், வேலை ஓடவில்லை. நேராகப் பொழிச்சலூர் போய் வைத்தீஸ்வரன் சாரைப் பார்த்தேன். நம்ம அப்பார்ட்மென்ட்டில் மூன்றாவது மாடி. ஒரு பெரிய ஆஸ்பத்திரியில் ஏசி பிளான்ட்டை முப்பது வருஷம் பார்த்துக்கொண்டவர். பால்கனியில் வெண்டைக்காய் பறித்துக்கொண்டிருந்தார், செடி கொள்ளாமல் காய்த்துக் கிடக்கிறது. உன் மெயிலை அவரிடம் படித்துக் காட்டினேன். பாலாம்பாள் மாமி காபி கொண்டுவந்தார்கள். சார் காபியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்ப்பா, மேல டேங்க் இருக்கா அந்த வீட்ல?"

"தெரியல சார்."

"இல்ல. அது மூடின லைன். அதுல எடையும் கிடையாது, ஒண்ணும் கிடையாது. காத்து மேலதான் நிக்கும். மேல ஒரு சின்னத் திருகு இருக்கும், அதைக் கால் சுத்து சுத்தினா முடிஞ்சுது. கீழ தொறக்கச் சொன்ன புண்ணியவான் யாரு?"

மாமிக்குப் புரிந்துவிட்டது, உள்ளே போய்விட்டார்கள். சார் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். அப்படியே தருகிறேன்.

முதலில் பாய்லர் சுவிட்ச் ஆஃப். எல்லாம் ஆறட்டும். நட்டைத் தேடி, உள்ளே ரப்பர் இருக்கிறதா என்று பார்த்து, மாட்டி இறுக்கு. பாய்லருக்கு அடியில் கம்பி பின்னின மாதிரி ஒரு சின்ன ஹோஸ் இருக்கும், ரெண்டு முனையிலும் கைப்பிடி. அதுதான் உள்ளே தண்ணீர் விடுகிற வழி. ஒன்றை முழுசாகத் திற. இன்னொன்றை மெதுவாக, ரொம்ப மெதுவாகத் திற. கேஜில் முள் ஒன்றரைக்கு வந்ததும் ரெண்டையும் மூடு. மூட மறந்தால் பிரஷர் ஏறிக்கொண்டே போகும்.

அப்புறம் கீழ்த்தள ரேடியேட்டரிலிருந்து ஆரம்பி, மாடி கடைசியில். ஒவ்வொன்றுக்கும் மேல் ஓரத்தில் திருகு. அதற்கென்று ஒரு சின்னச் சாவி கடையில் விற்குமாம். துணியைப் பிடித்துக்கொண்டு கால் சுற்று, அதற்கு மேல் வேண்டாம். சீறும். சீறி முடித்துத் தண்ணீர் எட்டிப் பார்த்ததும் மூடு. காற்று போகப் போக முள் இறங்கும். இறங்கினால் மறுபடி ஹோஸைத் திறந்து ஒன்றரைக்குக் கொண்டுவா. எல்லாம் முடிந்து, ஹோஸ் ரெண்டு பக்கமும் மூடியிருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் சுவிட்ச்.

இதில் ஒன்றும் பெரிய வித்தை இல்லை. நம்ம லைன் வேறு, அது வேறு, அவ்வளவுதான்.

ஷெர்வின்

*

ஷெஃபீல்ட்
16 நவம்பர் 2025

கை பரவாயில்லை. ஜென்சி மேல் படவில்லை.

நேற்று சனிக்கிழமை. சாவி வாங்கினேன், கட்டைவிரல் அளவுதான் இருக்கிறது. நட் சோபாவுக்கு அடியில் கிடந்தது. ஜென்சி பாய்லர் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து முள்ளைப் பார்த்துச் சொன்னாள். அரை, முக்கால், ஒன்று, ஒன்றேகால், ஒன்றரை, ஸ்டாப்மா. நான் ஒவ்வொரு அறையாகப் போய்த் திறந்தேன். முதலில் சீற்றம், பிறகு துப்பல், பிறகு துணியில் கறுப்பாக நாலு சொட்டு. கீழே ஓடி வந்து முள்ளைப் பார்ப்பதும், மறுபடி நிரப்புவதும், மாடிக்கு ஓடுவதுமாக மூன்று மணி நேரம் ஆனது. அவள் அறை கடைசி. அதில் காற்று போய்க்கொண்டே இருந்தது, தண்ணீர் வரவே வராது என்று நினைத்தேன். வந்தது. சுவிட்சைப் போட்ட அரை மணியில் அவள் ரேடியேட்டரின் மேல்பக்கம் கையைவைத்துப் பார்த்துவிட்டு ஸ்வெட்டரைக் கழற்றினாள்.

இதற்கு நன்றி சொல்ல வேண்டும் என்றால் வைத்தீஸ்வரன் சாருக்குச் சொல்கிறேன். அவரிடம் "தெரியல சார்" என்று சொல்ல உங்களுக்கு வாய் வந்திருக்கிறது. என்னிடம் சொல்ல வரவில்லை. கார்ப்பெட்டைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது ஜென்சி கேட்டாள், "அப்பாக்கு இந்த மாதிரி வீடு தெரியாதுன்னா, தெரியாதுன்னு சொல்லியிருக்கலாம்லம்மா?" ஒன்பது வயதுப் பிள்ளைக்குத் தோன்றுகிறது. நீங்கள் "நம்ம லைன் வேறு, அது வேறு" என்று எழுதுகிறீர்கள். மீசையில் மண் ஒட்டவில்லை.

இன்னொன்று. மூன்றாவது மாடியில் வைத்தீஸ்வரன் சார் குடியிருக்கிறார். மாமி காபி போடுகிறார்கள். பால்கனியில் வெண்டைக்காய் கொள்ளாமல் காய்க்கிறது. நான் ஆலந்தூரில் மாடித்தோட்டம் போட்ட வீட்டில் வளர்ந்தவள். விதை போட்டு ஐம்பது நாளாவது ஆகாமல் வெண்டை காய்க்காது. அப்படியென்றால் அந்த வீட்டுக்குக் குறைந்தது செப்டம்பரிலேயே ஆள் வந்தாகிவிட்டது. குழாயைத் திறந்தால் தண்ணீர் வராத வீட்டில் எதை ஊற்றிக் காபி போட்டார்கள்?

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க வந்தீர்கள். வேலை எப்போது முடிந்தது? டிக்கெட் எடுக்கப் போகிறீர்களா, இல்லையா? இந்த ரெண்டுக்கு மட்டும் பதில் வேண்டும். வேறு எதுவும் எழுத வேண்டாம்.

ஞானஜோதி

*

பம்மல்
21 நவம்பர் 2025

ஜோதி,

ஆகஸ்ட் கடைசியில் முடிந்துவிட்டது. பதினாறு வீட்டுக்கும் தண்ணீர் வருகிறது. போதுமா? போலீஸ் வேலைக்குப் போயிருக்கலாம் நீ.

பொய் சொன்னேன். சும்மா சொல்லவில்லை. என்னைச் சொல்லவைத்தவள் நீ. போன வருஷம் ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சர்ச்சில் சாட்சி சொல்கிற நேரம். நீ எழுந்து மைக் முன்னால் போனாய். அம்மாவுக்கு உடம்பு சரியானதற்கு ஸ்தோத்திரம் சொல்லப்போகிறாய் என்று நினைத்து உட்கார்ந்திருந்தேன். "கர்த்தர் எனக்கு இங்கிலாந்தில் வேலை கொடுத்திருக்கிறார், செப்டம்பரில் குடும்பமாகப் போகிறோம்" என்றாய். குடும்பமாக. குடும்பத்தலைவன் நாலாவது பெஞ்சில் வாயைப் பிளந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறான். இருநூறு பேர் அல்லேலூயா சொன்னார்கள். நானும் சொன்னேன். வேறு என்ன செய்வது? வெளியே வந்ததும் ஞானமுத்து மாமா கையைப் பிடித்து, "எங்ககிட்டக்கூட மறைச்சிட்டியே மாப்ள" என்றார். எனக்கே தெரியாது மாமா என்று சொல்ல முடியுமா? சிரித்தேன். அந்தச் சிரிப்பு சிரித்த வாய் இன்னும் எரிகிறது. வீட்டுக்கு வந்து உன்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அசிங்கம்.

சரி, வருகிறேன் என்றே வை. வந்து நான் யார்? இங்கே நாகல்கேணி முனையில் நின்றால் ரெண்டு நிமிஷத்துக்கு ஒருத்தன் "ஷெர்வின் அண்ணா" என்பான். அங்கே நான் நர்ஸ் புருஷன். கதவைத் தட்டி எவனாவது எதையாவது கேட்டால் உன்னைக் கூப்பிட வேண்டும், இல்லாவிட்டால் ஒன்பது வயதுப் பெண்ணைக் கூப்பிட வேண்டும். போனில் அவள் பேசியது புரியாதபோது எனக்கு அதுதான் கண்ணுக்குத் தெரிந்தது. அவள் மேல் வந்த கோபம் இல்லை அது. எனக்கு இருக்கிற ஒரே மரியாதை பைப். அதிலும் உன் வீட்டுக் கார்ப்பெட்டில் என் மானம் போய்விட்டது.

தப்பாகச் சொல்லிக்கொடுத்தேன். உன் கை வெந்தது என்னால்தான். எழுதிவிட்டேன்.

ஷெர்வின்

*

ஷெஃபீல்ட்
25 நவம்பர் 2025

படித்தேன். மூன்று தடவை.

சர்ச்சில் நான் செய்தது தப்பு. தெரிந்தேதான் செய்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன். வீட்டில் சொல்லியிருந்தால் நீங்கள் என்ன சொல்லியிருப்பீர்கள்? சவூதி ஆஸ்பத்திரி ஆர்டர் வந்தபோது என்ன சொன்னீர்கள்? "பார்க்கலாம்." தாம்பரத்திலேயே சீனியர் போஸ்ட் வந்தபோது? "பார்க்கலாம்." உங்கள் பார்க்கலாமில் எனக்கு ஏழு வருஷம் போய்விட்டது. இருநூறு பேர் காதில் விழுந்துவிட்டால் உங்களால் பார்க்கலாம் என்று சொல்ல முடியாது என்பதற்காகத்தான் மைக் முன்னால் போனேன். நீங்கள் நாலாவது பெஞ்சில் அல்லேலூயா சொன்னதை நான் பார்த்தேன். உங்கள் முகம் மாறியதையும் பார்த்தேன். ஆனாலும் நிறுத்தவில்லை. உங்களை அவமானப்படுத்தினேன். அதற்காக என்மேல் கோபப்படுங்கள், அது நியாயம். பதினேழு மாதம் வாயை மூடிக்கொண்டு, அந்தக் கோபத்தை ஜென்சிமேல் காட்டினீர்களே, அது நியாயம் இல்லை.

போன செவ்வாய்க்கிழமை ஏஜென்ட் அனுப்பிய இன்ஜினியர், எல்லாம் சரிதானா என்று பார்க்க வந்தார். உங்கள் வயது இருக்கும், தலை முழுக்க வழுக்கை. பாய்லர் மூடியைக் கழற்றினார், பார்த்தார், "இந்த மாடல் எனக்குத் தெரியாது, கொஞ்சம் இரு" என்று சொல்லிவிட்டு, மாடிப்படியில் உட்கார்ந்து போனில் தேடிப் படித்தார். பத்து நிமிஷம். ஜென்சி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு, "தெரியாதுன்னு சொன்னாரும்மா, அப்புறமும் அவர்தான் இன்ஜினியரா?" என்று கேட்டாள். எனக்கு வந்த ஆத்திரத்தில் உங்களை அந்தப் படியில் இழுத்து உட்காரவைக்க வேண்டும் போல் இருந்தது.

நர்ஸ் புருஷன் என்கிறீர்கள். இங்கே நான் முதல் மாதம் யாராக இருந்தேன் தெரியுமா? வார்டில் அவர்கள் பேசுவது புரியாமல் எல்லாவற்றுக்கும் சிரித்தேன். ஒரு பாட்டி செத்துப்போனாள் என்று சொன்னதற்கும் சிரித்தேன். பாத்ரூமில் போய் அழுதேன். ஒருநாள் போனில் உங்களிடம் சொல்லத் தொடங்கியதற்கு நீங்கள், "நீ ஆசப்பட்டுத்தான போன" என்றீர்கள். அதற்குப் பிறகு எதையும் சொல்லவில்லை.

பயமாக இருந்தால் பயம் என்று எழுதுங்கள். அப்பார்ட்மென்ட், பைப், மழை என்று எழுதாதீர்கள். இன்னும் இருபத்தைந்து நாள்தான்.

ஞானஜோதி

*

பம்மல்
5 டிசம்பர் 2025

ஜோதி,

பத்து நாளாக இதை எழுதி எழுதி அழிக்கிறேன்.

பயம்தான். சரியா? நீ கேட்ட வார்த்தை இதுதானே?

ஆனால் பயத்தைவிடக் கோபம் பெரிசாக இருக்கிறது. நீ எழுதியதைப் படித்தபின் குறையவில்லை, கூடிவிட்டது. வேண்டுமென்றேதான் செய்தேன் என்று கூசாமல் எழுதுகிறாய். நான் ஏழு வருஷத்தைத் தின்றேன் என்கிறாய். அந்த ஏழு வருஷமும் உன்னை ட்யூட்டிக்குக் கொண்டுபோய் விட்டதும் கூட்டிக்கொண்டு வந்ததும் யார்? காய்ச்சலில் ஜென்சியைத் தோளில் போட்டுக்கொண்டு விடிய விடிய நடந்தது யார்? அதெல்லாம் கணக்கில் வராதா? வீட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து "போயே தீருவேன்" என்று நீ என் முகத்துக்கு நேராகச் சண்டை போட்டிருந்தால் நான் தோற்றிருப்பேன். அந்த மரியாதையைக்கூட நீ எனக்குத் தரவில்லை.

இந்தக் கோபத்தோடு வந்தால் ஏர்போர்ட்டிலேயே சண்டை வரும். ஜென்சி முன்னால் வரும். அதனால் யோசித்தேன். இது கொஞ்சம் அடங்கட்டும். விசா போனால் போகட்டும், மறுபடி அப்ளை பண்ணலாம் என்கிறார்கள். ஏப்ரல், மே வாக்கில் மனசு ஆறின பிறகு வருகிறேன். அதுதான் எல்லாருக்கும் நல்லது.

ஷெர்வின்

*

ஷெஃபீல்ட்
5 டிசம்பர் 2025

மனசு ஆறின பிறகா? எனக்கு மட்டும் ஆறிவிட்டது என்று நினைத்தீர்களா?

காலையில் எழுந்தால் கோபம், பஸ்ஸில் கோபம், ட்யூட்டி முடிந்து கதவைத் திறக்கும்போது கோபம். கார்ப்பெட்டைப் பார்த்தால் கோபம். ஜென்சியைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தது நீங்கள்தான், மறக்கவில்லை, அதனால்தான் இவ்வளவு கோபம். அதே ஆள் பதினைந்து மாதம் வராமல் இருந்தார் என்பதுதான் எனக்கு ஜீரணமாகவில்லை. வேறு யாராவது என்றால் எப்போதோ விட்டிருப்பேன்.

சாப்பாட்டு மேஜைச் சண்டை உங்களுக்குப் பாக்கி. ஒப்புக்கொள்கிறேன். அதை மெயிலில் போட முடியாது. இங்கே வந்து என் முகத்துக்கு நேராகப் போடுங்கள். ஏர்போர்ட்டில் போடுவதானால் அங்கேயே போடுவோம். ஜென்சி பார்த்தால் பார்க்கட்டும். அம்மாவும் அப்பாவும் ஒரே இடத்தில் நின்று சண்டை போடுவதைப் பார்க்கக்கூட அவளுக்கு ஒரு வருஷமாகக் கொடுத்துவைக்கவில்லை.

கோபத்தோடேயே வாருங்கள். அது அடங்குகிற வரைக்கும் நமக்கு நேரம் இருக்கிறது. விசாவுக்கு இல்லை.

ஞானஜோதி

*

பம்மல்
9 டிசம்பர் 2025

ஜோதி,

டிக்கெட் எடுத்துவிட்டேன். பதினேழாம் தேதி காலை மீனம்பாக்கத்தில் ஏறுகிறேன், அன்றைக்கே மான்செஸ்டரில் இறங்குகிறேன். கடைச் சாவியை உன் அக்கா வீட்டில் கொடுத்துவிடுவேன். கோபம் அப்படியே இருக்கிறது, ஒரு பிடி குறையவில்லை. நீ லீவு போட்டு ஏர்போர்ட்டுக்கு வர வேண்டாம், உன் தயவில் வந்து இறங்கினேன் என்று இருக்கக் கூடாது. நானே வீட்டுக்கு வந்து கதவைத் தட்டுவேன்.

மான்செஸ்டரிலிருந்து ஷெஃபீல்டுக்கு எந்த ரயில், எந்த பிளாட்பாரம், டிக்கெட் எங்கே வாங்குவது, எனக்குத் தெரியாது. ஜென்சியை எழுதி அனுப்பச் சொல்.

ஷெர்வின்